முன்சக்கர வண்டி என்ஜினோடு டைப் 9 கியர்பாக்ஸ்: தகடு வெட்டும் முன் சில கேள்விகள்

ஓட்டைடப்பா

குழாய்ச் சட்டத்தில் இரண்டு பேர் உட்காரும் சின்ன வண்டி ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன். சட்டத்தின் வெல்டிங் முடிந்துவிட்டது. என்ஜின் 1.6 லிட்டர், நாலு சிலிண்டர். முன்சக்கர வண்டியில் குறுக்காக உட்கார்ந்திருந்தது. அதை நெடுக்காகத் திருப்பி வைத்து, பின்னால் ஃபோர்டு சியராவில் வந்த டைப் 9 ஐந்து கியர் பெட்டியைப் போடுவதாக உத்தேசம். இரண்டும் கைக்கு வந்துவிட்டன. கியர் பெட்டியின் முன்னால் கிளட்சை மூடி நிற்கும் மணி வடிவக் கூட்டின், அதாவது பெல் ஹவுசிங்கின், போல்ட் ஓட்டைகள் என்ஜினோடு ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை. எதிர்பார்த்ததுதான்.

நடுவில் 16 மி.மீ. அலுமினியத் தகடு போட நினைக்கிறேன். என்ஜின் பின்முகத்தை ஓர் அட்டையில் அச்செடுத்து, பெல் ஹவுசிங் வாயை இன்னோர் அட்டையில் அச்செடுத்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஓட்டைகளைக் குறித்து வெட்டக் கொடுத்தால் போதுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பழையஇரும்பு

போதாது தம்பி. ஆனால் அதற்கு முன்னால் ஒன்று. அந்த என்ஜின் குடும்பத்திலேயே பின்சக்கர வண்டிக்கு வந்த கியர்பாக்ஸ் எதுவும் இல்லையா? கம்பெனியே வார்த்த பெல் ஹவுசிங் கிடைத்தால் தலைவலியில் பாதி அங்கேயே போய்விடும். ஸ்டார்ட்டர், ஃபிளைவீல், கிளட்ச், எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். தகடு வெட்டுவது கடைசி வழி, முதல் வழி இல்லை.

ஓட்டைடப்பா

இந்த என்ஜின் பின்சக்கர வண்டியில் வந்ததே இல்லை அண்ணே. மாஸ்டா எம்எக்ஸ்-5 கியர்பாக்ஸ் ஒன்றும் பேச்சில் இருந்தது. அதற்கும் தகடு வேண்டும் என்பதால் டைப் 9-க்கே வந்துவிட்டேன்.

மில்லிமீட்டர்

நல்லதாகப் போயிற்று. எம்எக்ஸ்-5 பெட்டி கியர் மாற்ற அருமையாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதன் பெல் ஹவுசிங் கேஸோடு ஒரே வார்ப்பு, தனியாகக் கழற்ற முடியாது. வாலைத் தாங்கவும் அதற்கென்று ரப்பர் மவுண்ட் கிடையாது. கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியல் (சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வரை போகும் நீளமான சட்டம்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் எடுத்தால் மவுண்டை நீங்களே செய்ய வேண்டும். டைப் 9-இல் பெல் ஹவுசிங் தனியாகக் கழலும். அது எவ்வளவு பெரிய வசதி என்று டயல் கேஜ் (நூறில் ஒரு மி.மீ. அசைவையும் முள்ளில் காட்டும் கருவி) பிடிக்கும்போது தெரியும்.

சரி, அட்டை விஷயம். இரண்டு அட்டையையும் எதை வைத்து ஒன்றன்மேல் ஒன்று பொருத்துவீர்கள்?

ஓட்டைடப்பா

வெளிவிளிம்பு கிட்டத்தட்ட ஒரே வடிவம். அதை வைத்துத்தான்.

மில்லிமீட்டர்

வெளிவிளிம்பு வார்ப்பு. அதை யாரும் அளவு வைத்துச் செய்வதில்லை. போல்ட் ஓட்டையும் அப்படித்தான்: எம்10 போல்ட் 11 மி.மீ. ஓட்டையில் சும்மா தொளதொளவென்று நிற்கும், அதன் வேலை இறுக்கிப் பிடிப்பது மட்டும். இடத்தைத் தீர்மானிப்பவை இரண்டு டவல் பின்கள், அதாவது ஓட்டையில் ஆட்டமே இல்லாமல் உட்காரும் எஃகுக் குச்சிகள். அந்தப் பின்கள் எங்கே வர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது என்ஜினின் சுழலும் தண்டான கிராங்கின் மையம். உங்களிடம் இருக்கும் இரண்டு அட்டைக்கும் பொதுவான புள்ளி அது ஒன்றுதான்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், பின்சக்கர கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்டுக்கு (என்ஜினின் சுழற்சியை வாங்கும் தண்டு) பெட்டிக்குள் ஒரு பெரிய பேரிங்தான் உண்டு. முன்முனை கிராங்கின் வாலில் இருக்கும் பைலட் பேரிங்கில் உட்கார்ந்தால்தான் ஷாஃப்ட் நேராக நிற்கும். அதாவது ஒரு தாங்கல் கியர்பாக்ஸில், இன்னொன்று என்ஜினில். இரண்டின் மையமும் விலகினால் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிரும். முதலில் பைலட் பேரிங் போகும், அப்புறம் கிளட்ச் பிளேட்டின் நடுக்குடம் விரியும், அப்புறம் ஓடும்போதே கியர் தானாக நியூட்ரலுக்குத் தாவும். ஆளுக்கு ஆள் கியர்பாக்ஸ் மட்டம் என்று திட்டுவார்கள்.

வழக்கமாகச் சொல்லும் அளவு: கிராங்கில் டயல் கேஜை மாட்டி, பெல் ஹவுசிங்கின் நடு ஓட்டையைச் சுற்றி ஓட்டினால் மொத்த வித்தியாசம் 0.005 அங்குலத்துக்குள், அதாவது 0.13 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அட்டையில் பென்சில் கோடே அதைவிடத் தடிமன்.

கடைசல்காரி

மில்லிமீட்டர் அண்ணா சொன்னதோடு நான் சேர்ப்பது: அட்டையைத் தூக்கிப் போட வேண்டாம், போல்ட் ஓட்டைகளுக்கு அது போதும். டவல் ஓட்டைகளை மட்டும் தகடு வெட்டும்போது போடாதீர்கள். நடுவில் பெரிய வட்டமும் போல்ட் ஓட்டைகளும் போட்டு வரட்டும். என்ஜின் பக்க டவலை முதலில் பொருத்துங்கள். பெல் ஹவுசிங் பக்க டவலை, எல்லாவற்றையும் மாட்டி, டயல் கேஜ் பார்த்து, தட்டித் தட்டி மையத்துக்குக் கொண்டுவந்து, இறுக்கியபின் இரண்டையும் சேர்த்துத் துளைத்து ரீமர் (ஓட்டையைத் துல்லிய அளவுக்குச் சீவும் கருவி) போடலாம். நான் இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் எப்போதும் இதைத்தான் சொல்வது.

தகடு 6061-டி6 அல்லது 6082 அலுமினியக் கலவை போதும். வாங்கும்போது இரண்டு முகமும் இணையாக இருக்கின்றனவா என்று மைக்ரோமீட்டர் வைத்துச் சுற்றிப் பாருங்கள். உருட்டி வந்த தகட்டை அப்படியே நம்பக்கூடாது. மில்லிங்கில் ஒரு மெல்லிய சீவல் எடுத்துவிடுவது நல்லது.

புதுப்பையன்

ஒரு சந்தேகம், சிரிக்காதீர்கள். ஹோண்டா என்ஜின்கள் எதிர்ப்பக்கம் சுற்றும் என்கிறார்களே, அதைப் பின்சக்கர கியர்பாக்ஸில் போட்டால் என்ன ஆகும்?

பழையஇரும்பு

பின்னால் போக ஐந்து கியர், முன்னால் போக ஒன்று.

மில்லிமீட்டர்

:) ஹோண்டாவின் பழைய பி, டி வரிசை என்ஜின்கள் அப்படித்தான். கே வரிசை மற்றவர்களைப் போலவே சுற்றும். 1999-இல் எஸ்2000-த்தோடு வந்த எஃப்20சி-யும் அப்படியே, அது நெடுக்காக வைக்கவே செய்த என்ஜின். ஓட்டைடப்பா, உங்களுடையது முன்னாலிருந்து பார்த்தால் கடிகாரத் திசையில் சுற்றுகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்டார்ட்டரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தாலே தெரியும்.

ஓட்டைடப்பா

கடிகாரத் திசைதான், பார்த்துவிட்டேன்.

இப்போது நீள அளவுகள். வெர்னியரின் ஆழக்கம்பியால் எடுத்தது:

இன்புட் ஷாஃப்ட் நுனி, பெல் ஹவுசிங் வாயைத் தாண்டி 6 மி.மீ. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. நுனியில் பைலட் உட்காரும் வழவழப்பான பாகம் 20 மி.மீ. நீளம். என்ஜின் பக்கம், கிராங்க் ஃபிளாஞ்ச் (கிராங்கின் வாலில் ஃபிளைவீல் மாட்டும் வட்டத் தட்டு) பிளாக்கின் பின்முகத்தைத் தாண்டி 14 மி.மீ. பின்னால் நிற்கிறது. அதன் நடுவில் 22 மி.மீ. ஆழத்தில் ஒரு குழி. பைலட் பேரிங் எதுவும் இல்லை, குழியின் உட்சுவர் கரடாக இருக்கிறது.

கடைசல்காரி

முன்சக்கர வண்டியில் பைலட் இருக்காது. அந்தக் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்டை இரண்டு பக்கமும் பெட்டிக்குள்ளேயே தாங்கிவிடுவார்கள், கிராங்கில் தாங்கல் தேவையில்லை. அதனால் அந்தக் குழியைக் கம்பெனி கவனமாகக் கடைந்திருக்காது.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 16 மி.மீ. தகடு போட்டால் பெட்டி 16 பின்னால் போகிறது. ஷாஃப்ட் நுனி பிளாக் முகத்துக்கு 10 மி.மீ. பின்னால் நிற்கும். ஃபிளாஞ்ச் 14-இல் இருப்பதால் நுனி குழிக்குள் 4 மி.மீ. மட்டுமே நுழையும். முன்னால் இன்னும் 18 மி.மீ. வெற்றிடம் இருக்கிறது, ஆகவே நுனி குழியின் அடியில் இடிக்காது, அது நல்ல செய்தி. கெட்ட செய்தி: குழிக்குள் சாதாரண புஷ்ஷை (ஷாஃப்டைத் தாங்கும் உலோக வளையம்) அடித்தால் அது பிடிப்பது வெறும் 4 மி.மீ. அது தாங்கல் ஆகாது.

செய்ய வேண்டியது தொப்பி வடிவத்தில் ஒரு எஃகுக் கூடு. முன்பாதி கிராங்க் குழிக்குள் இறுக்கமாக உட்காரும், பின்பாதி ஃபிளாஞ்சைத் தாண்டி 12 மி.மீ. நீளும். அதற்குள் 15 மி.மீ. நீள வெண்கலப் புஷ். குழிக்குள் 3, வெளியே 12. ஷாஃப்டின் வழவழப்பான பாகத்தில் முன்னால் 1, பின்னால் 4 மி.மீ. மிச்சம் இருக்கும். அது போதும்.

எண்ணெய் ஊறிய வெண்கலம் என்றால் ரீமர் போடாதீர்கள், அதன் நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும். அடித்தபின் புஷ்ஷின் உள்விட்டம் கொஞ்சம் சுருங்கும். அதற்கு இடம் விட்டுக் கடைந்து, தேவைப்பட்டால் கூர்மையான போரிங் டூலால் கடைசிச் சீவல் எடுங்கள். ஊசி பேரிங் போடுவதாக இருந்தால் ஷாஃப்ட் நுனியில் வரிப்பள்ளம் இருக்கக்கூடாது. பழைய பெட்டி என்றால் பெரும்பாலும் இருக்கும்.

பழையஇரும்பு

கூடு வெளியே நீளுகிறது அல்லவா, அது கிளட்ச் பிளேட்டில் இடிக்காமல் பாருங்கள். பிளேட்டின் நடுவில் ஸ்பிரிங் இருக்கும் பக்கம் பிதுங்கியிருக்கும், அது பிரஷர் பிளேட் (கிளட்ச் பிளேட்டை ஃபிளைவீலோடு அழுத்தும் தட்டு) பக்கம் பார்க்க வேண்டும். தட்டையான பக்கம் ஃபிளைவீலுக்கு. ஃபிளைவீல் போல்ட் தலைகளுக்கும் பிளேட்டின் நடுக்குடத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று களிமண் உருண்டை வைத்து அழுத்திப் பாருங்கள். பிளேட் தேய்ந்தபின் அந்த இடைவெளி இன்னும் குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஓட்டைடப்பா

பிளேட் எந்த வண்டியுடையது போடுவது? என்ஜினுடையதா, கியர்பாக்ஸினுடையதா?

பழையஇரும்பு

விட்டம் என்ஜினின் பிரஷர் பிளேட்டுக்கு, நடுக்குடத்தின் பல் கியர்பாக்ஸின் ஷாஃப்டில் நீளவாக்கில் ஓடும் பல்லுக்கு. டைப் 9 என்றால் 1 அங்குலம், 23 பல். உங்கள் பிரஷர் பிளேட் விட்டத்தில் 23 பல் பிளேட் கிடைத்தால் முடிந்தது வேலை. கிடைக்காவிட்டால் பழைய பிளேட்டுக்கு வேறு நடுக்குடம் மாற்றிக் கொடுக்கும் கிளட்ச் பட்டறைகள் உண்டு.

நாலாவதுகியர்

எல்லோரும் மையத்தையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். கியர் ரேஷியோ, அதாவது வெளியே ஒரு சுற்றுக்கு என்ஜின் எத்தனை சுற்று என்று, யாராவது கேட்டீர்களா? நாலு சிலிண்டர் சியராவின் டைப் 9 என்றால் முதல் கியர் 3.65, அப்புறம் 1.97, 1.37, 1.00, 0.82. முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே பெரிய பள்ளம். வண்டி எடை எவ்வளவு? டிஃபரன்ஷியல் எவ்வளவு?

ஓட்டைடப்பா

முடிந்தபின் 600 கிலோவுக்குள் வரும் என்று கணக்கு. டிஃபரன்ஷியல் 3.92. டயர் 185/60, 13 அங்குலம்.

நாலாவதுகியர்

அந்த டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.7 மீட்டர் உருளும். முதல் கியரில் 3.65 × 3.92 = 14.3. என்ஜின் 6,500 சுற்றில் இருக்கும்போது மணிக்கு 46 கி.மீ. 600 கிலோ வண்டிக்கு இவ்வளவு குட்டையான முதல் கியர் எதற்கு? கிளட்சை விட்டு நிமிர்வதற்குள் இரண்டாவதுக்குப் போக வேண்டியிருக்கும். வி6 சியராவுக்கு வந்த டைப் 9-இல் 3.36, 1.81, 1.26. அதில் முதல் கியர் 50 வரை போகும், இடைவெளியும் கொஞ்சம் நெருங்கும். ஐந்தாவது இரண்டிலும் 0.82, 3,000 சுற்றில் 95 கி.மீ. வரும், அது சுகம்தான்.

மில்லிமீட்டர்

வி6 பெட்டியின் இன்புட் ஷாஃப்ட் நீளம் வேறு. அதைப் போட்டால் கடைசல்காரி போட்ட கணக்கு முழுவதும் மறுபடி போட வேண்டும். கையில் இருப்பதை முதலில் ஓட விடட்டும். உள்ளே பல்சக்கரங்களைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

நாலாவதுகியர்

அதுவும் சரிதான். ஆனால் ஒருமுறை மாட்டியபின் யார் கழற்றப் போகிறார்கள்?

ஓட்டைடப்பா

கிளட்ச் அழுத்த என்ன போடுவது? டைப் 9-க்கு முதலில் இருந்தது கேபிளும் ஃபோர்க்கும். ஷாஃப்டைச் சுற்றி உட்கார்ந்து எண்ணெய் அழுத்தத்தில் கிளட்சைத் தள்ளும் வட்ட ஸ்லேவ் சிலிண்டர் போட்டால் இடம் மிச்சம், சட்டக் குழாய்களுக்கு நடுவில் கேபிளை வளைத்துக் கொண்டுபோகும் தொல்லையும் இல்லை.

மில்லிமீட்டர்

போடலாம். இரண்டு விஷயம்.

முதலாவது, எண்ணெய்க் கணக்கு. பெடலோடு இருக்கும் மாஸ்டர் சிலிண்டர் 5/8 அங்குலம் என்றால் பரப்பு 198 சதுர மி.மீ. புஷ்ராடு 30 மி.மீ. நகர்ந்தால் 5,940 கன மி.மீ. எண்ணெய் போகும். ஸ்லேவின் பரப்பு உதாரணத்துக்கு 700 சதுர மி.மீ. என்று வையுங்கள், கிளட்சை அழுத்தும் ரிலீஸ் பேரிங் 8.5 மி.மீ. நகரும். அதே இடத்தில் 3/4 அங்குல மாஸ்டர் போட்டால் 12 மி.மீ.க்கு மேல் போய்விடும். ஸ்லேவின் பிஸ்டன் சீல் வெளியே வந்து பெல் ஹவுசிங் முழுக்க எண்ணெய் கொட்டும், இல்லாவிட்டால் பிரஷர் பிளேட்டின் தட்டு ஸ்பிரிங்கான டயஃபிரத்தின் விரல்கள் அளவுக்கு மீறி அமுங்கும். பெடலுக்குக் கட்டாயம் ஒரு ஸ்டாப்பர் வையுங்கள். உங்கள் ஸ்லேவின் உண்மையான பரப்பை அளந்து இந்தக் கணக்கைப் போடுங்கள்.

இரண்டாவது பலரும் விட்டுவிடுவது. கிளட்ச் பிளேட் தேயத் தேய டயஃபிரம் விரல்கள் கியர்பாக்ஸ் பக்கமாகப் பின்னால் வரும். அதனால் புது பிளேட்டோடு மாட்டும்போது ஸ்லேவ் முழுவதும் உள்ளே அமுங்கிய நிலையில் இருக்கக்கூடாது, இன்னும் சில மி.மீ. உள்ளே போக இடம் வேண்டும். இடம் இல்லாவிட்டால் பிளேட் பாதி தேய்ந்ததும் கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும். பிளேட் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக் கழற்றினால் பிளேட் நன்றாகத்தான் இருக்கும்.

புதுப்பையன்

ஸ்டார்ட்டர்?

பழையஇரும்பு

நல்ல கேள்வி. தகடு போட்டால் ஸ்டார்ட்டருக்கும் அதில் இடம் வெட்ட வேண்டும். என்ஜினின் ஃபிளைவீலும் அதைச் சுற்றியுள்ள பல்வளையமான ரிங் கியரும் அப்படியே இருந்தால் என்ஜினின் ஸ்டார்ட்டரையே போடுங்கள், பல் வகை ஒத்துப்போகும். ஓய்வில் இருக்கும்போது ஸ்டார்ட்டரின் சின்னப் பல்சக்கரமான பினியனின் முகத்துக்கும் ரிங் கியருக்கும் 2, 3 மி.மீ. இடைவெளி. கடித்தபின் பல்லுக்குப் பல் கொஞ்சம் ஆட்டம் இருக்க வேண்டும். நெடுக்கே திருப்பியபின் ஸ்டார்ட்டர் உடம்பு ஸ்டியரிங் தண்டிலோ சட்டக் குழாயிலோ இடிக்கிறதா என்று தகடு வெட்டுவதற்கு முன்பே பாருங்கள்.

ஓட்டைடப்பா

தகடு வந்துவிட்டது. கடைசல்காரி அக்கா சொன்னபடி பெல் ஹவுசிங் பக்க டவல் ஓட்டை இன்னும் போடவில்லை. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஃபிளைவீலில் காந்த அடி வைத்து, கேஜ் முள்ளை பெல் ஹவுசிங் நடு ஓட்டையின் உட்சுவரில் படவிட்டுக் கையால் சுற்றினேன். 12 மணியில் 0 என்று வைத்தால் 3 மணியில் 0.12, 6 மணியில் 0.34, 9 மணியில் 0.22. முள் அமுங்கினால் கூட்டல்.

மில்லிமீட்டர்

எதிரெதிர் அளவுகளைக் கூட்டுங்கள்: 12-உம் 6-உம் 0.34, 3-உம் 9-உம் 0.34. ஒத்துப்போகிறது, ஆகவே கேஜ் ஆடவில்லை, அளவை நம்பலாம். பொருத்தும் முன் இப்படித்தான் இருக்கும், கவலை வேண்டாம்.

6 மணியில் சுவர் கிட்டே இருக்கிறது, அதாவது ஓட்டையின் மையம் மேலே ஏறியிருக்கிறது. பாதிதான் நகர்த்த வேண்டும்: கீழே 0.17. பக்கவாட்டில் 9 மணிப் பக்கம் 0.05. போல்ட்களை விரல் இறுக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இறுக்கிவிட்டு, நைலான் சுத்தியலால் மேலிருந்து தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சுற்று பாருங்கள். முழுதாக இறுக்கும்போது கொஞ்சம் நகரும், அதனால் இறுக்கியபின் வரும் அளவுதான் கணக்கு.

அப்புறம் கேஜைத் திருப்பி, பெல் ஹவுசிங்கின் பின்முகத்தையும் ஓட்டிப் பாருங்கள். அப்போது கிராங்கை ஒரே பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் கிராங்கின் முன்பின் ஆட்டமும் அளவில் சேர்ந்துவிடும்.

ஓட்டைடப்பா

இறுக்கியபின் மொத்தம் 0.06. முகம் 0.08. துளைத்து ரீமர் போட்டு டவல் அடித்தாகிவிட்டது.

கடைசல்காரி

அருமை. இதற்குமேல் நோண்டாதீர்கள்.

பழையஇரும்பு

இப்போது பெட்டியை ஏற்றும்போது கவனம். இரண்டு நீள போல்ட்டின் தலையை அறுத்து வழிகாட்டிக் கம்பியாகப் போடுங்கள். கிளட்ச் பிளேட்டை மையக் கம்பி வைத்துப் பொருத்துங்கள். பெட்டியை ஏதாவது ஒரு கியரில் போட்டு, வாலைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே தள்ளினால் பல் தானாகப் போய்ப் பிடிக்கும். கடைசி ஒரு சென்டிமீட்டர் அடம்பிடிக்கும். அங்கேதான் எல்லோரும் போல்ட்டைப் போட்டு இழுக்கப் பார்ப்பார்கள். இழுத்தால் ஷாஃப்ட் நுனி புஷ்ஷை நசுக்கும், அல்லது பெல் ஹவுசிங் காது உடையும். கையால் தள்ளி முகத்தோடு முகம் ஒட்டினால்தான் போல்ட். நடுவழியில் பெட்டியைப் பிளேட்டில் தொங்கவிட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், ஜாக்கியில் தாங்கலோடு இருக்கட்டும்.

கியர்பாக்ஸ் எண்ணெய் ஜிஎல்-4 தரம். பித்தளை சிங்க்ரோ (கியர் விழும் முன் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) இருக்கும் பெட்டியில் ஜிஎல்-5 ஊற்றுவதை நான் விரும்புவதில்லை.

ஓட்டைடப்பா

ஏற்றியாகிவிட்டது. கையால் தள்ளியே ஒட்டியது. என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தேன், கிளட்ச் சுத்தமாகப் பிரிகிறது, ரிவர்ஸ் கரகரப்பில்லாமல் விழுகிறது. நியூட்ரலில் பெடலை விட்டிருக்கும்போது மட்டும் மெல்லிய ரீங்காரம், பெடலை அழுத்தினால் நின்றுவிடுகிறது.

மில்லிமீட்டர்

அது பெட்டிக்குள் இருக்கும் இன்புட் பேரிங்கும் கீழ்த்தண்டும். வயதான பெட்டிகளில் சகஜம். பெடலை அழுத்தத் தொடங்கியதும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். அழுத்திப் பிடித்து, கியரில் போட்டு, வண்டி நிற்கும்போது வந்தால் பைலட்டையும் சந்தேகப்பட வேண்டும், ஏனென்றால் அப்போது மட்டும்தான் கிராங்க் சுற்ற ஷாஃப்ட் நிற்கும். உங்களுக்கு இரண்டும் இல்லை.

ஓட்டைடப்பா

அடுத்தது பெட்டியிலிருந்து டிஃபரன்ஷியலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட். என்ஜினும் பெட்டியும் வால்பக்கம் 3 டிகிரி இறங்கி நிற்கின்றன. டிஃபரன்ஷியல் சட்டத்தோடு இறுகியிருக்கிறது. நீளத்தை எப்படி அளப்பது?

பழையஇரும்பு

முதலில் டிஃபரன்ஷியலின் மூக்கு அதே 3 டிகிரியில் மேல்நோக்கி இருக்கட்டும், இரண்டு தண்டும் ஒன்றுக்கொன்று இணையாக வரும். ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள சிலுவை வடிவ மூட்டுகளான குரோஸ் இரண்டிலும் கோணம் சமமாக இருந்தால்தான் ஒன்று உண்டாக்கும் அதிர்வை மற்றொன்று அடக்கும். கோணமே இல்லாமல் நேர்க்கோட்டிலும் வைக்காதீர்கள், ஊசி பேரிங் உருளாமல் ஒரே இடத்தில் குத்தித் தேயும். 1 டிகிரியாவது வேண்டும்.

நீளத்துக்கு: கியர்பாக்ஸ் ரப்பர் மவுண்டை முழுதாக இறுக்கி, இரண்டு பேர் எடையையும் ஏற்றி, வண்டி சக்கரத்தில் நிற்கும்போது அளவெடுங்கள். ஸ்லிப் யோக்கை (பெட்டியின் வாலில் முன்பின் நகரும் ஷாஃப்ட் முனை) பெட்டிக்குள் முட்டும்வரை தள்ளி, 20 முதல் 25 மி.மீ. வெளியே இழுத்து, அங்கே பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். குரோஸ் மையத்திலிருந்து குரோஸ் மையம்வரை உள்ள தூரத்தைப் பட்டறைக்குக் கொடுத்தால் போதும், குழாயை அவர்கள் வெட்டி பேலன்ஸ் செய்து தருவார்கள்.